"சர்வர் கிடைக்கவில்லை": தரவுத்தள இணைப்பும் மக்கள் பணியும்

அரசு அலுவலகத்தின் கவுண்டர் முன் வரிசையில் நிற்பவர்க்கு இன்று மிகவும் பழகிப்போன விடை ஒன்று உண்டு. "சர்வர் கிடைக்கவில்லை, சற்றுப் பொறுங்கள்" என்பதே அது. ஒரு தலைமுறைக்கு முன்னர் "கோப்பு மேலிடத்தில் இருக்கிறது" என்ற விடை வகித்த இடத்தை இன்று இவ்விடை வகிக்கிறது. கல்லூரிச் சேர்க்கையின் இறுதி நாளில் வருமானச் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் மாணவியும், இரண்டு பேருந்துகள் மாறி வந்த ஓய்வூதியரும் இதற்கு மறுமொழி கூற இயலாது. கவுண்டரில் அமர்ந்திருக்கும் எழுத்தருக்கும் இதற்குமேல் ஒன்றும் தெரியாது. குற்றம் எவரிடத்தும் இல்லாமல், இழப்பு மட்டும் எளியவர் தலையில் வந்து விழுகிறது.

உண்மையில் இது ஒரு நோயின் பெயரன்று. ஏழெட்டு நோய்களுக்குப் பொதுவான ஒரு புலம்பலே. காய்ச்சல் என்றவுடன் மருத்துவர் எல்லார்க்கும் ஒரே மருந்தைத் தருவதில்லை. அதுபோலவே, தரவுத்தள வழங்கியுடன் இணைப்புக் கிடைக்காதபோதும், எது அறுந்தது, எங்கே அறுந்தது என்று முறையாகத் தேடிக் காண்பதே பணியின் முதற்படியாகும். அம்முறை என்ன என்பதையும், அலுவலரும் மாணவரும் அதை அறிந்திருப்பது ஏன் இன்றியமையாதது என்பதையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

கழக்கூட்டம் காட்டும் பின்னணி

திருவனந்தபுரம் நகரின் வடபால், தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஒட்டி அமைந்துள்ளது கழக்கூட்டம். கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம் அதன் அருகிலேயே உள்ளது. இங்குதான் 1990ஆம் ஆண்டில், ஈ. கே. நாயனார் முதலமைச்சராக இருந்த காலத்தில், மின்னணுத் துறை வல்லுநர் கே. பி. பி. நம்பியாரின் முன்முயற்சியால் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் உருவாயிற்று. 1995 நவம்பரில் பிரதமர் பி. வி. நரசிம்ம ராவ் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளைச் சேர்ந்த தமிழ் இளைஞர் பலரும் இங்குப் பணிபுரிகின்றனர். கேரள அரசின் தரவு மையங்களுள் ஒன்றும் இவ்வளாகத்தில் அமைந்துள்ளது.

இங்கு எழுதப்படும் நிரல்களுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு தரவுத்தளத்தை நாடியே இயங்குகின்றன. செய்திகளை அட்டவணைகளாக அடுக்கி, அவற்றுக்கிடையே உள்ள உறவுகளைக் கணித முறையில் கையாளலாம் என்ற கோட்பாட்டை எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். இன்றைய தரவுத்தளங்களுள் பெரும்பகுதி அக்கோட்பாட்டின் வழித்தோன்றல்களே. இந்தியாவில் தேசியத் தகவலியல் மையம் 1976இல் நிறுவப்பட்டது. 1986இல் புது தில்லியில் இரயில் முன்பதிவு கணிப்பொறிமயமாயிற்று. அதன் பின்னர் நிலப் பதிவேடு, கருவூலம், ஓய்வூதியம், பிறப்பு இறப்புப் பதிவு என ஒவ்வொன்றாகப் பேரேட்டிலிருந்து தரவுத்தளத்துக்கு மாறின. கேரளத்தில் அரசின் கண்ணாடி இழை வலையமைப்பான கே-ஃபோன் 2023 ஜூனில் தொடங்கி வைக்கப்பட்டது. உள்ளாட்சிச் சேவைகளுக்கான கே-ஸ்மார்ட் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

பேரேடு அலுவலகத்தின் அலமாரியில் இருந்தது, கைநீட்டினால் கிடைத்தது. தரவுத்தளமோ தொலைவில் இருக்கிறது. இடையில் ஒரு நெடும்பாதை உண்டு. அப்பாதையில் ஓரிடம் அடைபட்டாலும் அலுவலகம் முழுவதும் நின்றுவிடும். இதுவே புதிய முறையின் ஆற்றலுக்கு இணையாக வந்த அதன் பலவீனம்.

இணைப்பின் ஐந்து படிகள்

தொலைபேசியில் பேசிப் பழகிய எவரும் இப்பாதையை எளிதில் புரிந்துகொள்ளலாம். ஒருவரோடு பேச வேண்டுமாயின், முதலில் அவரது எண் தெரிய வேண்டும். அடுத்து அவ்வெண்ணுக்குக் கம்பி செல்ல வேண்டும். மறுமுனையில் எடுப்பவர் இருக்க வேண்டும். பேசுபவர் இன்னார் என்று அவர் நம்ப வேண்டும். இறுதியாக, அவருக்குப் பேச நேரம் இருக்க வேண்டும். தரவுத்தள இணைப்பிலும் இதே ஐந்து படிகள் உள்ளன.

முதற்படி, பெயரை எண்ணாக மாற்றுதல். வழங்கிக் கணிப்பொறிக்கு மனிதர் இட்ட பெயர் ஒன்று. வலையமைப்பு அறியும் ஐ.பி. முகவரி வேறு. இரண்டையும் இணைக்கும் பதிவேடு டி.என்.எஸ். எனப்படுகிறது. இரண்டாம் படி, அம்முகவரிக்குப் பாதை இருத்தலும், இடையில் உள்ள ஃபயர்வால் வழிவிடுதலும். மூன்றாம் படி, வழங்கியில் உரிய கதவைத் தட்டுதல். ஒரே கணிப்பொறியில் பல பணிகள் நடைபெறுவதால் ஒவ்வொன்றுக்கும் போர்ட் எனப்படும் ஒரு வாயில் எண் உண்டு. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கு 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, ஆரக்கிளுக்கு 1521, எஸ்கியூஎல் சர்வருக்கு 1433 என்பன வழக்கமான எண்கள். நான்காம் படி, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் காட்டி அடையாளத்தை மெய்ப்பித்தல். ஐந்தாம் படி, உள்ளே இடம் பெறுதல். ஏனெனில் ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புகள்தாம் என்று ஒவ்வொரு வழங்கிக்கும் வரம்பு உண்டு.

எப்படியில் தடை நேர்ந்தது என்பதைக் கண்டறிந்தால் பாதிப் பணி முடிந்தது. அதைக் கண்டறியும் குறிப்பு, கணிப்பொறி காட்டும் பிழைச் செய்தியிலேயே பெரும்பாலும் அடங்கியுள்ளது.

பிழைச் செய்தியைப் படிக்கும் முறை

"பெயர் அறியப்படவில்லை" என்ற பொருளில் செய்தி வந்தால் தடை முதற்படியிலேயே உள்ளது. வழங்கியை அது எட்டவே இல்லை. எனவே வழங்கியை நிறுத்தி மீண்டும் இயக்குவதால் எப்பயனும் விளையாது.

"நேரம் கடந்துவிட்டது" என்பது வேறு. "இணைப்பு மறுக்கப்பட்டது" என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே மிகப் பலர் செய்யும் பிழை. முதலாவது, மணி ஒலித்துக்கொண்டே இருந்து எவரும் எடுக்காத நிலை. அழைப்பு வழியில் எங்கோ விழுங்கப்பட்டது: ஃபயர்வால் ஓசையின்றி அதைக் கைவிட்டிருக்கலாம், பாதை தவறியிருக்கலாம், அல்லது வழங்கிக் கணிப்பொறியே அணைந்திருக்கலாம். இரண்டாவது, நொடிப்பொழுதில் வரும் திட்டவட்டமான மறுப்பு. பெரும்பாலும் இது அக்கணிப்பொறி உயிரோடு இருப்பதையும், பாதை திறந்திருப்பதையும், ஆயினும் அவ்வாயிலில் கேட்பவர் எவரும் இல்லை என்பதையும் காட்டுகிறது. தரவுத்தளப் பணி நின்றிருக்கலாம், வேறு வாயிலில் இயங்கலாம், அல்லது உள்ளிருந்து வரும் அழைப்புகளுக்கு மட்டுமே செவிசாய்க்கலாம்.

இறுதியாகச் சொன்னது புதியவர் பலரைத் திகைக்க வைப்பது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம், நிறுவப்பட்டவுடன் தன் சொந்தக் கணிப்பொறியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும். இது குறையன்று; பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்கச் செய்ய இரண்டு இடங்களில் மாற்றம் வேண்டும்: எம்முகவரியில் கேட்பது என்ற அமைப்பு ஒன்று, எவரை, எங்கிருந்து, எவ்வழியில் அனுமதிப்பது என்ற பட்டியல் மற்றொன்று. பின்னதை மீண்டும் படிக்கச் செய்தாலே போதும். முன்னது நடைமுறைக்கு வரத் தரவுத்தளத்தையே நிறுத்தி இயக்க வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல், "எல்லாம் மாற்றியும் பயனில்லை" என்று நாள் முழுவதும் அலைந்தவர் பலர்.

"கடவுச்சொல் ஏற்கப்படவில்லை" என்ற செய்தி வந்தால் வலையமைப்பைக் குறைகூறுவதில் பொருளில்லை. அழைப்பு நான்காம் படி வரை வந்துவிட்டது. இங்குக் கடவுச்சொல் சரியாக இருந்தும் தோல்வி நேரக்கூடும். 2018இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பும், 2021இல் வெளிவந்த போஸ்ட்கிரஸ் 14 பதிப்பும் கடவுச்சொல்லை மெய்ப்பிக்கும் வழக்கமான முறையை வலுவானதாக மாற்றின. வழங்கி புதியதாகவும், அதை நாடும் நிரல் பழையதாகவும் இருந்தால் இருவரும் வெவ்வேறு மொழி பேசுபவர்போல் ஆகிவிடுவர். அப்போது மாற்ற வேண்டியது கடவுச்சொல்லை அன்று. பழைய இணைப்பு நிரலை.

மேலும் ஒன்று கருதத்தக்கது. அடையாளம் தவறும்போது வழங்கி வெளியே சொல்லும் காரணம் வேண்டுமென்றே மங்கலாக வைக்கப்படுகிறது. எஸ்கியூஎல் சர்வர் 18456 என்ற எண்ணை மட்டும் காட்டிப் பொதுவான மறுப்பைத் தெரிவிக்கும். பயனர் பெயர் இல்லையா, கடவுச்சொல் தவறா, கணக்கு முடக்கப்பட்டதா என்ற நுட்பம் வழங்கியின் பதிவுக் கோப்பில் மட்டுமே எழுதப்படும். கதவைத் தட்டும் திருடனுக்கு உதவக்கூடாது என்பதே இதன் கருத்து. ஆகவே கவுண்டரில் உள்ள திரையை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது அரைகுறை விசாரணையே.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

ஓர் அலுவலகத்தின் நிரல் இரண்டு கணிப்பொறிகளில் இயங்குகிறது எனக் கொள்வோர் இக்கணக்கைக் காணலாம். ஒவ்வொன்றும் தரவுத்தளத்துடன் 40 இணைப்புகளை எப்போதும் தயாராக வைத்துள்ளது, மொத்தம் 80. போஸ்ட்கிரஸின் வழக்கமான வரம்பு 100, அதில் 3 நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டவை, ஏனையோர்க்கு 97. எனவே பணி தடையின்றி நடக்கிறது. கூட்டம் பெருகியதால், விரைவு கருதி மூன்றாவது கணிப்பொறி ஒன்று சேர்க்கப்படுகிறது. இப்போது தேவை 120, இருப்பது 97. காலை பத்து மணிக்குக் கூட்டம் கூடியவுடன் சிலருக்கு இணைப்புக் கிடைக்கிறது, சிலருக்கு மறுக்கப்படுகிறது. வசதியைப் பெருக்கச் செய்த செலவே தடையை உண்டாக்கிற்று!

இதற்கு வரம்பை 100லிருந்து 500ஆக உயர்த்துவதே பலர் முதலில் எண்ணும் தீர்வு. ஆனால் போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு இணைப்பும் தனித்ததொரு செயலியக்கமாக நினைவகத்தைப் பற்றிக்கொள்வது. நினைவகம் போதாவிடில், சிலருக்குக் கிடைக்காத சேவை எல்லார்க்கும் கிடைக்காமற் போகும். மூன்று கணிப்பொறிகளும் தலைக்கு 30 இணைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டால் மொத்தம் 90, வரம்புக்குள் அடங்கிவிடும். ஒரு வினா விடை பெற்று முடிய மிகச் சிறு நேரமே ஆவதால், 30 இணைப்புகளை நூற்றுக்கணக்கானோர் மாறி மாறிப் பயன்படுத்த இயலும். பேருந்து நிலையத்தில் எல்லாப் பயணிகளுக்கும் தனித்தனிக் கவுண்டர் வைப்பதில்லை. வரிசை விரைவாக நகர்வதே போதுமானது.

இரண்டாவது எடுத்துக்காட்டு, காலையில் மட்டும் தோன்றும் கோளாறு. அலுவலகம் திறந்தவுடன் முதல் முயற்சி தோற்கிறது. மறுமுறை முயன்றால் வெற்றி பெறுகிறது. எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. காரணம் எளியது. மைஎஸ்கியூஎல் வழங்கி, 28,800 வினாடிகள், அதாவது 8 மணி நேரம், பேச்சற்றுக் கிடக்கும் இணைப்பைத் தானே துண்டித்துவிடும். மாலை 5 மணிக்கு அலுவலகம் மூடி மறுநாள் காலை 10 மணிக்குத் திறக்கும்போது 17 மணி நேரம் கடந்திருக்கும். நிரலோ, நேற்றைய இணைப்பு இன்றும் உயிரோடிருப்பதாக எண்ணி அதில் பேச முற்படுகிறது. பயன்படுத்துமுன் இணைப்பைச் சோதித்துக்கொள்ளுமாறு நிரலைத் திருத்தினால் இக்கோளாறு நீங்கும். நேரத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் இருந்திருந்தால், "காலையில் மட்டும்" என்ற ஒரே குறிப்பு இக்காரணத்தைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

தேடும் ஒழுங்கு

எனவே கோளாறு நேர்ந்தவுடன் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: தடை ஒரு கணிப்பொறிக்கா, எல்லாவற்றுக்குமா? எப்போது தொடங்கியது? அதற்குச் சற்று முன்னர் மாற்றப்பட்டது எது? ஒரு மேசைக்கு மட்டும் தடையெனில் வழங்கியைத் தொடவே கூடாது. முப்பது அலுவலகங்களுக்கும் தடையெனில் அம்மேசையின் கம்பியை ஆட்டிப் பார்ப்பது வீண்.

அடுத்து, பாதையை இரண்டாகப் பகுத்துத் தேடுதல் வேண்டும். வழங்கி இருக்கும் கணிப்பொறியிலேயே அமர்ந்து இணைப்பை முயல வேண்டும். அங்கேயே தோற்றால் குறை வழங்கியில் உள்ளது: பணி நின்றிருக்கலாம், பதிவுக் கோப்புகள் பெருகி வட்டு நிரம்பியிருக்கலாம். அங்கு வென்று வெளியிலிருந்து தோற்றால் குறை கேட்கும் முகவரியிலோ, ஃபயர்வாலிலோ, பாதையிலோ இருக்கும். இங்கு பிங் என்னும் சோதனையை மட்டும் நம்புவது தவறு. கணிப்பொறி பிங்குக்கு விடையளித்தும் தரவுத்தள வாயில் மூடியிருக்கலாம். பிங் தடுக்கப்பட்டும் வாயில் திறந்திருக்கலாம். சோதிக்க வேண்டியது குறிப்பிட்ட வாயிலையே.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதும், பயன் தராத மாற்றத்தை உடனே பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் மறவாத விதிகளாதல் வேண்டும். ஐந்து மாற்றங்களை ஒருங்கே செய்து வெற்றி பெற்றவர், எது நோயைத் தீர்த்தது என்பதை அறியார். ஏனைய நான்கும் நாளை எந்நோயைத் தரும் என்பதையும் அறியார்.

அவசர மருந்தின் தீங்கு

வரிசை நீள்கிறது; மேலதிகாரி தொலைபேசியில் கேட்கிறார்; பொதுமக்கள் குரல் உயர்த்துகின்றனர். இந்நெருக்கடியில் ஃபயர்வாலையே அணைத்துவிடுவதும், எம்முகவரியிலிருந்து வருபவரையும் அனுமதிப்பதும், எல்லா நிரல்களுக்கும் நிர்வாகியின் கடவுச்சொல்லையே தந்துவிடுவதும், சான்றிதழ்ச் சோதனையை நீக்குவதும் எளிதாகத் தோன்றும். இணைப்பும் உடனே கிடைத்துவிடும். "தற்காலிகம்" என்று செய்யப்பட்ட அம்மாற்றம் ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றுவிடும்.

இதன் விளைவுக்கு உலக வரலாற்றில் சான்றுகள் உள்ளன. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாம்மர் என்னும் புழு நிரல், எஸ்கியூஎல் சர்வரின் 1434ஆம் எண் வாயில் வழியே பரவிற்று. நிரல் எவ்வாயிலில் இயங்குகிறது என்று இணைய வருவோர்க்குச் சொல்வதற்கென்றே அமைந்த வாயில் அது. பாதிப்புக்கு இலக்காகக்கூடிய கணிப்பொறிகளுள் மிகப் பெரும்பாலானவை பத்தே நிமிடங்களில் தாக்குண்டன. அமெரிக்காவில் வங்கிப் பண எந்திரங்களும் செயலிழந்தன. அக்குறையைத் தீர்க்கும் திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. பலர் அதை நிறுவவில்லை. 2017 ஜனவரியில், கடவுச்சொல் இன்றி இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த பல்லாயிரக்கணக்கான மோங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, அவற்றுக்கு மீட்புத் தொகை கோரப்பட்டது. கதவு அடைத்துக்கொண்டதால் ஒரு நாள் பணி கெடும். கதவைத் திறந்தே விட்டால் ஓர் ஊராரின் நிலமும் ஓய்வூதியமும் பற்றிய பதிவுகளே கைமாறிப் போகும்.

பதிவும் பொறுப்பும்

இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட கட்டளைகள் அரசு நிறுவனங்களுக்கும் பொருந்துவன. பதிவுக் கோப்புகளை 180 நாட்கள் காத்து வைத்தல், குறிப்பிட்ட இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவித்தல், கணிப்பொறிக் கடிகாரங்களைத் தரமான நேர வழங்கியுடன் ஒத்திசைத்தல் ஆகியவற்றை அவை வலியுறுத்துகின்றன. மூன்றாவது கட்டளை சிறியதாகத் தோன்றினும் பெரும் பயன் உடையது. கவுண்டர்க் கணிப்பொறி 10.05 என்றும், வழங்கி 9.52 என்றும் நேரம் காட்டினால், இரண்டின் பதிவுகளையும் ஒப்பிட்டு ஒரே தோல்வியை அடையாளம் காண்பது எங்ஙனம்?

இதில் கவுண்டரில் உள்ள எழுத்தருக்கும் பங்குண்டு. "சர்வர் இல்லை" என்று மட்டும் தெரிவிக்காமல், பிழைச் செய்தியை எழுத்து மாறாமல் குறித்து, நேரத்தையும், பக்கத்து மேசையின் நிலையையும் சேர்த்து அனுப்பினால், தொலைவில் உள்ள பொறியாளரின் ஒரு மணி நேரத் தேடல் சில நிமிடங்களாகக் குறையும். அலுவலகத் தலைவருக்கும் கடமை உண்டு. இணைப்பு அறுந்த நாளில் வந்தவரின் விண்ணப்பத்தைத் தாளில் பெற்று, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு அளிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். எந்திரத்தின் தவறுக்காக எவரும் தம் காலக்கெடுவை இழத்தல் ஆகாது. பழுதுபார்க்கும் பொறியாளரும், செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் எழுதி வைத்தல் வேண்டும். அவ்வேடே அடுத்த கோளாற்றின் முதல் மருத்துவர்.

கழக்கூட்டத்தின் கட்டடங்களிலும், தமிழகத்தின் கல்லூரிகளிலும் இன்று பயிலும் இளைஞர்களே நாளை இவ்வழங்கிகளைக் காப்பவர்கள். புதிய நிரலை எழுதுவதில் காட்டும் ஊக்கத்தை, நின்றுபோன நிரலைப் பொறுமையோடு ஆராய்வதிலும் அவர்கள் காட்டுதல் வேண்டும். இணைப்பு என்பது இரண்டு கணிப்பொறிகளுக்கு இடையே மட்டும் உள்ளதன்று. அதன் ஒரு முனையில் அரசும், மறுமுனையில் கையில் விண்ணப்பத்துடன் நிற்கும் குடிமகனும் உள்ளனர். "சர்வர் கிடைக்கவில்லை" என்ற விடைக்குப் பின்னர், "ஏன் என்று தெரியும், எப்போது சரியாகும் என்றும் தெரியும்" என்று கூறவல்ல அலுவலகமே மக்களின் நம்பிக்கைக்கு உரியதாகும்.